மாமியாரைத் தேடி மந்தைவெளிக்கு

என் மாமியார் வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்கிற ரகம் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால் "எதுக்கு இதெல்லாம்" என்பார். எடுக்காமல் விட்டால் பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்படிப்பட்டவர், நான் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போகிறேன் என்றதும் சமையலறை வாசலில் வந்து நின்று, "எனக்கு ஒரு ரெக்கார்டு வேணும்" என்றார்.

எங்களுக்கு மலேசியாவில் ஈப்போ. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அங்கே ஒரு லாண்டரிக் கடை. அத்தை, அதாவது என் மாமியார், பிறந்து வளர்ந்தது சென்னையில் மந்தைவெளி. கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவர். வருவதற்கு முன்னால் ஒரு பாட்டு டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த டீச்சர் ஒரு பக்தி ரெக்கார்டு பாடிக் கொடுத்தார் என்பதும், பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியது அத்தைதான் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாட்டு நடுவுல பஞ்சமத் தந்தி ஸ்ருதி இறங்கிடுச்சு" என்றார். "தந்திக்கு அடியில சின்ன மணி கோத்திருக்கும். இடது கையால அதைத் தள்ளி, மீட்டறதை நிறுத்தாமயே ஏத்திட்டேன். ஒரு வரிக்குள்ள சரியாப் போச்சு. டீச்சர் ஸ்டூடியோவுக்கு வெளிய வந்து, ரெக்கார்டையே கெடுத்துட்டேடின்னாங்க. சரி பண்ணிட்டேன் டீச்சர்னேன். நம்பலை. அப்புறம் என்னை எதுக்குமே கூப்பிடலை."

அதன் பிறகு மாப்பிள்ளை வந்தார், கப்பல் வந்தது. ரெக்கார்டு கடைக்கு வந்தபோது அத்தை ஈப்போவில் ரப்பர் காட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று வரை அதைக் கேட்டதில்லை. இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். இரண்டு காதிலும் மெஷின். இருப்பதும் எவ்வளவு நாளைக்கென்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இருக்கிற காது போறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடணும்" என்றார். "சரி பண்ணினேனா இல்லையான்னு."

எனக்குப் பாட்டு என்றால் துணி மடிக்கும்போது பின்னால் ஓடுகிற ஒன்று. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனாலும், அவ்வளவு காலம் ஒன்றும் கேட்காதவர் கேட்டது மனதைப் பிசைந்துவிட்டது. கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் வடபழனியில். முகூர்த்த நாள் என்பதால் ஒரே தெருவில் நாலு மண்டபத்திலும் நாலு கல்யாணம். நான் முதலில் போய் உட்கார்ந்தது வேறு யாருடைய கல்யாணத்திலோ. ஜூஸ் கூடக் குடித்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு மீசை இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. சரியான மண்டபத்தைக் கண்டுபிடித்துச் சாப்பிட உட்கார்ந்ததும், பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரரிடம் ரெக்கார்டு விஷயத்தைச் சொன்னேன். "எல்லாம் போன்லயே கிடைக்குமே" என்று ஒரு கையில் அப்பளமும் ஒரு கையில் போனுமாகத் தேடினார். ரசம் வருகிற வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. டீச்சர் அவ்வளவு பிரபலம் இல்லை. உறவுக்காரர் ஏதோ ஒரு பழைய ரெக்கார்டு வாட்ஸப் குழுவில் கேட்டுப் பார்த்தார். பாயசத்துக்குள் பதில் வந்துவிட்டது. மந்தைவெளியில் சலீம் பாயிடம் இருக்கும், போய்ப் பாருங்கள் என்று.

நான் தங்கியிருந்தது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால். மறுநாள் காலை பக்கத்து ஓட்டலில் இட்லியும் கீரை வடையும் சாப்பிட்டேன். ஈப்போக்காரிக்குக் காபி விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் ஊர் வெள்ளைக் காபியைக் குடிக்கக் கோலாலம்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். டபராவில் ஆற்றி ஒரு வாய் குடித்ததும் அந்தத் திமிரைக் கொஞ்சம் மடித்து வைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள். "நேத்திக்கு இருந்த சாம்பார் இன்னிக்கு இல்லை ஓய்" என்றார் ஒருவர். "இது நேத்திக்கு இருந்த சாம்பார்தான் ஓய்" என்றார் மற்றவர். இருவரும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்கள்.

மந்தைவெளி நடந்து போகிற தூரம்தான் என்றார்கள். மெட்ரோ ரயிலுக்காகப் பள்ளம் தோண்டித் தகரம் அடித்து மறைத்திருந்ததால், நடந்து போகிற தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு தகரத்தைச் சுற்றினால் இன்னொரு தகரம். கடைசியில் பூக்காரம்மா ஒருவரிடம் சலீம் பாய் வீட்டைக் கேட்டேன்.

"எந்த பாய்? ரெக்கார்டு பாயா, பிரியாணி பாயா?"

ரெக்கார்டு பாய் என்றேன். "மாடில கீறாரு. செருப்பைக் கீழயே வுட்டுரு, கத்துவாரு" என்றார்.

சலீம் பாய் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தர்கா உரூஸ், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். குழாய்கள் போய்விட்டன, இசைத்தட்டுகள் மட்டும் தங்கிவிட்டன. நாலு சுவரிலும் அலமாரி, அலமாரிக்குக் கீழே பால் கிரேட், எல்லாவற்றிலும் ரெக்கார்டுகள் நெட்டுக்குத்தாக நின்றன. படுக்க வைத்தால் வளைந்துவிடுமாம். ஜன்னலில் வெயில் வராமல் தடித்த பெட்ஷீட் தொங்கியது. "இந்த வூட்ல எல்லாத்துக்கும் எடம் கீது, என் பொடவைக்குத்தான் இல்ல" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

டீச்சர் பேரைச் சொன்னேன். பாய் என் கையைப் பார்த்தார். "க்ரீம் தடவிக்கினியா?"

"கொஞ்சம்."

"போய் கயிவிக்கினு வா."

லாண்டரிக் கடைக்காரியிடம் கை சுத்தமில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குச் சுர்ரென்று வந்தது. இருந்தாலும் காரியம் ஆக வேண்டுமே, கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் எந்தக் குறிப்பும் பார்க்காமல் மூன்றாவது அலமாரியில் கையை விட்டு ஒரு சின்ன ரெக்கார்டை உருவி வைத்திருந்தார். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் போடுவாராம். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் டீச்சர் பேர் இருந்தது, வயலின்காரர் பேர் இருந்தது, மிருதங்கக்காரர் பேர் இருந்தது. தம்புராவுக்குப் பேர் போடவில்லை.

ஊசியை வைத்தார். முதலில் கடுகு வெடிக்கிற சத்தம். அப்புறம் டீச்சர் பாடினார். நல்ல கணீர்க் குரல்.

"தம்புரா கேக்குதா?" என்றார் பாய்.

"எது?"

"அடியில ஒண்ணு ஓடிக்கினே கீது பாரு."

"ஃபேன் சத்தம்னு நினைச்சேன்."

பாய் என்னை வைத்தியர் நாக்கைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தையின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். ரெக்கார்டை எனக்குத் தர முடியுமா என்று கேட்டதும் எழுந்து அதை உறைக்குள் போட்டுவிட்டார்.

"தட்டு வூட்ட வுட்டுப் போவாதும்மா. பாட்டு போலாம். அடையாறுல ரகுன்னு ஒருத்தன் கீறான். தட்டுல இருக்கறத கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுப்பான். நல்ல பையன்தான், மெஷின் புடிச்சிக் கெட்டுப்பூட்டான். நாளைக்கு நானே எட்த்துக்கினு வரேன். தனியா அனுப்ப மாட்டேன்."

மறுநாள் ஆட்டோவில் போனோம். ரெக்கார்டை ஈரமில்லாத துண்டில் சுற்றி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வெயில் படாத பக்கம் உட்கார்ந்தார் பாய். மெட்ரோ வேலையால் பாதை வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் வெயில் பக்கம் மாறியது, ஒவ்வொரு தடவையும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி எங்களை இடம் மாற வைத்தார்.

"இன்னா நைனா அது, கொயந்தையா?" என்றார் டிரைவர்.

"கொயந்தைன்னா வெயில்ல எட்த்துக்கினு போலாம்" என்றார் பாய்.

ஈப்போவில் டாக்சி டிரைவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். இங்கே இந்த டிரைவர் அடையாறு பாலம் தாண்டுவதற்குள் பாயின் மைக் செட், என் கடை, என் மாமியாரின் காது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். இறங்கும்போது, "அம்மாவாண்ட நா கேட்டேன்னு சொல்லு" என்றார்.

ரகு நாற்பது வயதுக்காரர். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி, லீவு நாளில் பழைய ரெக்கார்டுகளைக் கணினியில் ஏற்றிச் சேமிப்பது. அந்த வாரம் அவர் லீவில் இருந்தார். அவர் மனைவி வித்யா பக்கத்து அறையில் சின்னப் பெண்களுக்குப் பாட்டு க்ளாஸ் எடுத்துக்கொண்டிருந்தார். வீடு முழுக்க எலக்ட்ரானிக் தம்புராப் பெட்டியின் சத்தம்.

ரகுவும் பாயும் சேர்ந்து உட்கார்ந்த உடனே தொடங்கிவிட்டது. இது அவர்களுக்குப் பழைய சண்டை என்று பார்த்தாலே தெரிந்தது. ரகு சோப்புக் கட்டி அளவில் ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்துக் காட்டினார்.

"பாய் வீட்டுல இருக்கற அத்தனையும் இதுல போட்டு சட்டைப் பையில வெச்சுண்டு போயிடலாம்."

"கீய வுயுந்தா?"

"இன்னொரு காப்பி பீரோல இருக்கு."

"பீரோ வுயுந்தா?"

"மூணாவது காப்பி அக்கா ஆத்துல, அண்ணா நகர்ல இருக்கு. உங்க ரெக்கார்டு கதை அப்படியா? ஒவ்வொரு தடவை போடறச்சயும் ஊசி அதைச் சுரண்டிண்டே இருக்கு. கேக்கக் கேக்கத் தேயறது."

"மன்சன் கூடத்தான் தேயறான். அதுக்காவ ஃபோட்டோ புட்ச்சி வெச்சிக்கினு ஆள வெளிய அனுப்பிடுவியா?"

இந்த விவாதத்தில் நான் ரகு கட்சி. எங்கள் வீட்டில் பழைய பொருளைத் தூக்கிப் போடுகிற இலாகா என்னுடையது. வீட்டை அடைக்காமல் பாட்டை வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தால் அதைவிட என்ன வேண்டும்?

ரெக்கார்டு சுற்றியது. கணினித் திரையில் பாட்டு, மேடும் பள்ளமுமாக நீலத்தில் நகர்ந்தது. முடிந்ததும் ரகு ஆரம்பத்தில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார். டீச்சர் வாய் திறப்பதற்கு முன்னால் வரும் இடம்.

"இங்க பாட்டு இல்லை பாருங்கோ, வெறும் இரைச்சல். இந்த இரைச்சல் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டருக்குக் காமிச்சுட்டா, பாட்டு முழுக்க அதைத் தேடித் தேடி எடுத்துடும். எல்லா ரெக்கார்டுக்கும் நான் இப்படித்தான் பண்றது."

எனக்கு அப்படியே புரிந்தது. கறையைக் காட்டினால் வேலைக்காரப் பெண் அதை மட்டும் தேய்த்து எடுப்பது போல. ரகு ஒரு பட்டனைத் தட்டினார். திரும்பப் போட்டார். கடுகு இல்லை, கரகரப்பு இல்லை. டீச்சர் நேற்றுக் குளித்துவிட்டு வந்து பாடியது போல இருந்தது.

"இன்னாமோ மொட்டையா கீது" என்றார் பாய்.

"உங்களுக்குக் கரகரப்பு இல்லாட்டாப் பாட்டே ருசிக்காது" என்றார் ரகு. நானும் ஆமாம் போட்டேன். பாய் ரெக்கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் இருந்து மோர்க்குழம்பும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டேன். பாட்டை அங்கிருந்தே ஈப்போவுக்குப் போனில் அனுப்பினேன். வேலை முடிந்தது. இனி எனக்கு மிச்சமிருந்தது தி. நகர்தான்.

ரங்கநாதன் தெருவில் நடப்பது என்று சொல்வது தப்பு. அங்கே நம்மை நடத்துவார்கள். ஒரு கடையைப் பார்த்துப் பிடித்து நிற்பதற்குள் அடுத்த கடை வாசலில் இருப்போம். அத்தைக்கு ஒன்று, எனக்கு மூன்று என்று நியாயமாகப் புடவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது போன் அடித்தது. அத்தை.

"பாட்டு கேட்டேன்" என்றார். "டீச்சர் குரல் அப்படியே இருக்கு."

"அப்படியா அத்தை, சந்தோஷம்."

பிறகு, "நான் எங்கே?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து ரூபாய்க்கு நாலு கர்ச்சீப் என்று ஒருவர் என் காதோரம் கத்திக்கொண்டிருந்தார்.

"தம்புராவே இல்லையே லா" என்றார், மலேசியா 'லா' போட்டு. "திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன். டீச்சர் சொல்லி எடுத்துட்டாங்க போல. கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கே எடுக்கச் சொல்லியிருப்பாங்க." பிறகு, "சரி விடு. நீ புடவை நல்லதாப் பார்த்து எடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷமாக, சரி பண்ணினேனா இல்லையா என்று ஒரு சந்தேகமாவது அவரிடம் இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய் நான் அதையும் பிடுங்கிக் கையில் குரங்கைக் கொடுத்திருக்கிறேன். தம்புரா அதில் இருந்ததை நானே கேட்டேனே, ஃபேன் சத்தம் என்று சொன்னேனே. நின்று யோசிக்கலாம் என்றால் தெரு விடவில்லை. அழுதுகொண்டிருந்த என்னையும் நாலு பைகளையும் கூட்டம் அப்படியே மாம்பலம் ஸ்டேஷன் படியில் ஏற்றிவிட்டது. அங்கே நின்றுதான் ரகுவைக் கூப்பிட்டேன்.

"தம்புராவா?" என்றார் ரகு. "இருக்கே. நம்ம கேட்டோமே. இருந்ததே."

மறுநாள் காலை அடையாறு போனேன். அன்று க்ளாஸ் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. ரகு, தான் சுத்தம் செய்த பாட்டைப் போட்டார். நாலு வரி கூடப் போகவில்லை, கையில் கரண்டியோடு வித்யா எட்டிப் பார்த்தார்.

"தம்புரா எங்கே?"

ரகுவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் இரைச்சல் என்று கணினிக்குக் காட்டிய அந்தத் துண்டில் இருந்தது கரகரப்பு மட்டுமல்ல. பாட்டுக்கு முன்னால் தம்புரா ஆரம்பித்துவிடும், தனியாக ஓடும். கணினி சமத்தாகக் கரகரப்போடு சேர்த்து அத்தையையும் பாட்டு முழுக்கத் தேடித் தேடித் துடைத்துவிட்டது. சங்கீதக் குடும்பத்து மனுஷருக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்று? பக்கத்து அறையில் வித்யாவின் தம்புராப் பெட்டி அதே அஞ்சு கட்டை ஸ்ருதியில் ஓடிக்கொண்டிருந்ததே. ரெக்கார்டில் இல்லாத தம்புராவை வீட்டுத் தம்புரா நிரப்பிவிட்டது. ரகு வீட்டில் தம்புரா கேட்காத நேரம் கிடையாது. அதனால் அது இல்லாமல் போனாலும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சரி, துடைக்காத பாட்டு இருக்குமே" என்றேன். "அதை அனுப்பிடுவோம்."

ரகு தரையைப் பார்த்தார். சுத்தமானதை அதே பேரில் அதன் மேலேயே சேமித்துவிட்டாராம். சட்டைப் பை, பீரோ, அண்ணா நகர் அக்கா வீடு, மூன்று இடத்திலும் அத்தை இல்லாத பாட்டுப் பத்திரமாக இருந்தது.

பாயைக் கூப்பிட்டோம். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நீண்ட சிரிப்பு. ரெக்கார்டை இன்னொரு தடவை கொண்டுவர முடியுமா என்று ரகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தட்டு வராது. உன் டப்பாவ நீ தூக்கினு வா."

ஆக, எதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்ற ரகு, லேப்டாப், ஒயர், ரெக்கார்டு சத்தத்தைக் கணினிக்கு ஏற்றும் பெட்டி, அதற்கொரு கரண்டுப் பெட்டி என்று இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு மந்தைவெளி வெயிலில் தகரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பூக்காரம்மா அவரைப் பார்த்து, "ஏசி ரிப்பேரா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை. பாய் தொழுகை முடித்து வரும் வரைக்கும் நாங்கள் கீழே செருப்புகளுக்குக் காவல் இருந்தோம். வந்ததும் முதலில் சாப்பாடு என்றுவிட்டார் அவர் மனைவி. நெய்ச்சோறும் தாளிச்சாவும். ரகு கறி சாப்பிட மாட்டார் என்று அவருக்கு மட்டும் தனியாகக் கத்தரிக்காய் வதக்கி வைத்திருந்தார். "சண்டை போடுறது அவங்க ரெண்டு பேரும், சமைக்கிறது நானு" என்றார் என்னிடம்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தோம். இந்தத் தடவை துடைப்பது கிடையாது. கடுகு, கரகரப்பு எல்லாம் வரட்டும் என்று ரகு கையைக் கட்டிக்கொண்டார். பாய் கண்ணை மூடினார். இரண்டாவது சரணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விரலைத் தூக்கினார்.

"தோ, எறங்குது." ஒரு வரி போயிற்று. "தோ, ஏறிட்ச்சி."

எனக்கு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

ரகு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இல்லை பாய். இந்த ரெக்கார்டுல ஓட்டை சரியா நடுவுல இல்லை. சுத்தறச்சே தள்ளாடறது. அதனால ஸ்ருதி ஆடற மாதிரி இருக்கு."

"தள்ளாடினா ஒவ்வொரு சுத்துக்கும் ஆடணும். இது ஒரே ஒரு வாட்டிதான."

"நிச்சயமாச் சொல்ல முடியாது பாய். தேஞ்சு போயிருக்கு."

"நீ கண்ணால பாத்துக்கினு கீற. காதால கேளு."

இதை யார் தீர்ப்பது? மீட்டிய கைக்குத்தான் தெரியும். வீடியோ காலில் ஈப்போவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தோம். "டீச்சர் குரல்தான் வருது" என்றார் அத்தை. போனும் தம்புராவை இரைச்சல் என்று எடுத்துவிடுகிறது என்றார் ரகு. பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "மாமி காதுல மெஷின் வெச்சிண்டிருக்காளா?" என்று கேட்டார். புது மெஷின், ரொம்ப நல்லது என்றேன்.

"அப்போ அதுவும் எடுத்துடும். ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீரா வரதையெல்லாம் குறைக்கறதுக்குன்னே செஞ்சது அது."

கணினி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், காது மெஷின் ஒரு பக்கம். ஆளாளுக்கு என் மாமியாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மருமகளுக்குக்கூட அவ்வளவு துணிச்சல் வராது.

வழியையும் ரகுவே சொன்னார். பாட்டைப் போனில் அனுப்பாமல் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். காது மெஷினைக் கழற்றிவிட்டு, காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைக்க வேண்டும். தன்னுடைய ஹெட்போனையே கழற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றார்.

பாய் ரெக்கார்டை உறைக்குள் போடப் போனவர் நிறுத்தினார். "அவங்க பேர் இன்னா?"

"லோகநாயகி."

பால் பாயின்ட் பேனாவை எடுத்து, காகித உறையில் 'தம்புரா லோகநாயகி' என்று நிதானமாக எழுதினார். ரகு உடனே லேப்டாப்பைத் திறந்து பாட்டின் விவரத்தில் அதே பேரைத் தட்டினார். யார் முதலில் எழுதியது என்று அவர்கள் ஆரம்பிப்பதற்குள் நான் இடையில் புகுந்து, கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். இந்த ரெக்கார்டை அத்தைக்கே கொடுத்துவிடக் கூடாதா என்று.

"முன்னயாவது யோசிச்சிருப்பேன்" என்றார் பாய். "இப்ப சுத்தமா முடியாது. இதுல யாரு கீறாங்கன்னு தெரிஞ்சிப்பூட்ச்சி. உன் டப்பா கெட்டா திரும்ப வந்து எட்த்துக்கோ. இது கெட்டா எங்க போவ?"

எனக்குக் கோபம் வரவில்லை. அது அங்கே நிற்பதே நல்லது என்று தோன்றியது. பழைய பொருளைத் தூக்கிப் போடுகிற இலாகாவைச் சேர்ந்தவள் இப்படி நினைத்தது எனக்கே ஆச்சரியம்தான்.

ஈப்போ வந்து சேர்ந்தபோது அத்தை புடவையைப் பிரித்துப் பார்த்து, "எதுக்கு இதெல்லாம்" என்றார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக எல்லாவற்றையும் சொன்னேன். கணினி துடைத்ததை, போன் துடைத்ததை, டீச்சர் துடைக்கவில்லை என்பதை. டீச்சர் துடைக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மெஷின் இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒலியைக் கூட்டினேன். முதலில் முகம் சுளித்தார், கரகரப்பாக இருக்கும். அப்புறம் அவருடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. நடுவிரல் ஒரு தடவை, ஆள்காட்டி விரல் மூன்று தடவை. மறுபடியும் நடுவிரல் ஒரு தடவை, ஆள்காட்டி விரல் மூன்று. இரண்டாவது சரணத்துக்குக் கொஞ்சம் முன்னால் விரல் தயங்கியது. இடது கை தானாக வந்து, இல்லாத ஒரு மணியைத் தள்ளியது.

"இறங்குச்சு" என்றார். காதில் மெஷின் இல்லாததால் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். பிறகு, "ஏத்திட்டேன்" என்றார். "அந்த வரி முடியறதுக்குள்ள ஏத்திட்டேன்."

பாட்டு முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. "டீச்சர் வீட்டுல ரெக்கார்டு போடற பெட்டி கிடையாது. அவங்களும் கேட்டிருக்கவே மாட்டாங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்தது நான் ஒருத்திதான்.

ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். முதலிலிருந்து போடு என்று சைகை காட்டினார். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, என் முன்கையில் மீட்ட ஆரம்பித்தார். நடுவிரல் ஒன்று, ஆள்காட்டி மூன்று. கரகரப்புக்கும் டீச்சருக்கும் அடியில் அந்த விரலோடு சேர்ந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் விரல் கனத்தது. ஒன்று லேசாகச் சரிந்தது. அவருடைய இடது கட்டைவிரல் என் மணிக்கட்டை அழுத்தித் தள்ளியது. சரிந்தது மெதுவாக ஏறி, டீச்சரின் குரலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

"கேட்டுச்சா?" என்று கத்தினார் அத்தை.

கேட்காவிட்டாலும் கேட்டது என்று சொல்வதாகத்தான் இருந்தேன். விமானத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்கு அவசியமில்லாமல் போயிற்று.

"கேட்டுச்சு அத்தை" என்று நானும் கத்தினேன்.